பதினேழாம் நம்பர் பேட்ஜ்

மத்தியானம் இரண்டு நாற்பது. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று நினைப்பவர்கள், விடுமுறை நாளில் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்... வாசலை மட்டும் மறிக்காதீர்கள். முதலில் ஓடப்போவது நான்தான்.

இது நம் நண்பனின் தாய்மாமாவுக்கு நடந்தது. பள்ளிகளில் அபாய மணி பொருத்துவது அவர் தொழில். ஒவ்வொரு டீச்சர் கழுத்திலும் ஒரு பேட்ஜ்; மாமா கழுத்திலும் ஒன்று. பட்டனை மூன்று முறை அமுக்கினால் எந்த அறை, யார் என்று மாமா கம்பெனியின் கண்ட்ரோல் ரூம் திரையில் சிவப்பாக எரியும். பள்ளியில் ஸ்பீக்கர் பேசும்: "கதவைப் பூட்டுங்கள். அமைதியாக இருங்கள். உதவி வந்துகொண்டிருக்கிறது."

பதினேழாம் நம்பர், ஓவிய டீச்சருடையது. பேசும்போது கை சும்மா இருக்காது அவருக்கு. பேட்ஜைத் திருகித் திருகி ஒரே வாரத்தில் ஒன்பது பொய் அலாரம். ஒன்பது முறையும் எண்ணூறு பிள்ளைகள் மேசைக்கு அடியில். ஹெட்மாஸ்டர் மாமாவைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"உங்க மிஷினா, அந்தம்மாவா... ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கும்!"

முகம் சிவக்கக் கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பிய மாமா, பதினேழை மட்டும் 'சோதனை' என்று மாற்றினார். அப்புறம் அது அடித்தால் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வரும். ஸ்பீக்கர் பேசாது. யாரும் எழுந்து போக மாட்டார்கள். சாயங்காலம் திருப்பி மாற்றிவிடலாம் என்றிருந்தார்.

மறந்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. எல்லாரும் போன பிறகு டீச்சர் வர்ண டப்பாக்களை வைக்க ஸ்டோர் ரூமுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. போன் ஸ்டாஃப் ரூமில். வீட்டில் தேட ஆளில்லை. அவருக்கு ஆஸ்துமா வேறு... திங்கட்கிழமைதான் திறந்தார்கள்.

நாற்பத்தொரு முறை அழைத்திருந்தார்.

விசாரணைக்கு முன்னால் அந்த நாற்பத்தொரு வரிகளையும் அழித்தவர் மாமா. பேட்ஜைச் சுத்தியலால் நொறுக்கியவரும் அவரே. 'டீச்சர் பட்டனை அமுக்கவே இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். வேலை தப்பியது. வெளியே தெரிந்தால் வேலை மட்டுமா போகும்?

ஒரு வருஷம் கழிந்தது. அக்கா மகன், அதாவது நம் நண்பன், அதே கண்ட்ரோல் ரூமில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு விடுமுறை நாளில், இதே இரண்டு நாற்பதுக்கு அவன் போன் செய்தான்.

"மாமா, பதினேழு அடிக்குது. ஸ்டோர் ரூம்."

"அந்த நம்பரே இல்லடா. கண்ணைத் தொடச்சிட்டுப் பாரு."

"தொடச்சிட்டேன் மாமா. சிவப்பா அடிக்குது."

மாமா பைக்கை எடுத்தார். நிழலே இல்லாத ரோடு. ஒரு நாய்கூட இல்லை. போனை பைக் பையிலேயே விட்டுவிட்டு உள்ளே நடந்தார்... சுண்ணாம்புத் தூள் வாசனை. வராந்தாக் கோடியில் ஸ்டோர் ரூம் திறந்து கிடந்தது. உள்ளே டர்பன்டைன் நெடி. யாருமில்லை. ஒரு காலை வைத்தார். இன்னொரு காலையும் வைத்தார்.

டக்.

கதவு பூட்டிக்கொண்டது. கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை.

தலைக்கு மேல் ஸ்பீக்கர் கரகரத்தது. "கதவைப் பூட்டுங்கள். அமைதியாக இருங்கள். உதவி வந்துகொண்டிருக்கிறது..."

பிறகு ஒரு மூச்சு. விசில் மாதிரி, இழுத்து, இழுத்து.

"வரல, தம்பி."

மாமா தன் பேட்ஜை அமுக்கினார். மூன்று முறை. மறுபடி மூன்று. மறுபடி...

கண்ட்ரோல் ரூமில் நண்பன் டீ குடித்துக்கொண்டிருந்தான். திரையில் மாமா பெயர். சாம்பல் வரி. 'சோதனை.' மாமா போன கையோடு எல்லாவற்றையும் சரிபார்க்கிறார் போல என்று பிஸ்கட்டை டீயில் நனைத்தான். பாவம், அவன் மேல் என்ன தப்பு?

ஏழு மணிக்கு அத்தை போன் செய்தாள். "உங்க மாமா எங்கடா? போனையும் எடுக்க மாட்டேங்கறாரு."

அடித்துப் பிடித்து ஓடினான். ஸ்டோர் ரூம் கதவு விரலால் தொட்டதுமே திறந்தது. மூலையில் மாமா வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. ஆஸ்துமா இல்லாத மனிதருக்கு மூச்சு விசிலடித்தது. கட்டைவிரலில் தோல் இல்லை.

அவர் பேட்ஜைச் 'சோதனை'க்கு மாற்றியது யார்? அதற்கான பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் 'சோதனை' அழைப்புப் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு நண்பன் மாமாவின் கட்டிலருகே வந்தான். கம்பெனி மேனேஜரும் கூடவே நின்றார்.

"மாமா, ஒண்ணு மட்டும் புரியல," என்றான் வெள்ளந்தியாக. "உங்க முதல் அழைப்புக்கு நாற்பத்திரண்டுன்னு நம்பர் போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி நாற்பத்தொண்ணும் எங்க?"