சுவை பார்க்கும் நாளில் பெங் ஐயா கொண்டுவந்த கஞ்சி

மேடையில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் அவர்களே, கணவர் பெங் ஐயாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வென் அம்மையாரே, ஆய்வாளர்களே, என்னோடு சேற்றில் நின்றவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என்னையும் பேச அழைத்திருக்கிறீர்கள். பேராசிரியர் பெங் யுவேமிங் அவர்களைப் புகழத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். எழுத எழுதக் குழப்பம்தான் கூடியது.

பெங் ஐயா என்ன செய்தார்? மெத்தென்று வேகும் நெல்லையும் விறைப்பாய் வேகும் நெல்லையும் கலந்து, அதில் பிறந்த நூற்றிருபது வகைகளை வளர்த்தார். ஒவ்வொன்றின் இலையையும் அரைத்து மரபணுவைப் பார்த்தார். ஒவ்வொன்றின் சோற்றையும் வயல்வேலை செய்யும் எங்கள் ஐந்து பேருக்குக் கொடுத்து மதிப்பெண் கேட்டார்.

"இத்தனை மிஷின் இருக்கே, என் நாக்கு எதுக்கு ஐயா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெல்லுக்குள்ள பன்னிரண்டு நூல் இருக்கு, சூ அக்கா. எந்த நூல்ல எந்த இடம் சோத்தை மெத்துனு ஆக்குதுன்னு தேடறேன். இலை பாதி வழிதான் சொல்லும். மீதிய உங்க நாக்குதான் சொல்லணும்."

"என் நாக்கு நீளம்னு எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷமா சொல்றாரு."

"அவரு வரைபடம் போட்டுப் பாக்கலையே அக்கா. போட்டிருந்தா அருமை தெரிஞ்சிருக்கும்."

சுவை பார்க்கும் நாளில் மிளகாய் கூடாது, பூண்டு கூடாது, புகை கூடாது. மிளகாய் இல்லாமல் சோறு இறங்காத ஹுனான்காரர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

பதினோரு வருடங்களுக்கு முன், அப்படி ஒரு நாளில்தான் என் பேத்திக்கு ஒரு மாதம் நிறைந்தது. எங்கள் வீட்டின் முதல் பெண் குழந்தை. காலையில், ஒரு மாத விருந்துக்கென்று சாயமிட்டுப் பங்கிடும் சிவப்பு முட்டையை ஐயா மேசையிலும் வைத்தேன். மதிய விருந்துக்கு மற்ற நான்கு பேரையும் அழைத்தேன். அழைத்தால் மறுப்பார்களா? மிளகாய் கொத்திப் போட்ட மீன்தலை எதிரில் இருந்தால் கை சும்மா இருக்குமா? பிற்பகலில், வாய் எரிய எரிய, மிச்சமிருந்த நாற்பது கிண்ணங்களுக்கும் மதிப்பெண் போட்டோம்.

சோற்றை மெத்தென்று ஆக்கும் இடத்தைக் காட்ட வரைபடத்தில் எழ வேண்டிய மேடு எழவில்லை. ஐயா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி சமைத்துப் பார்க்க அரிசியும் இல்லை. விதைக்கு வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு குளிர்காலத்திலும் நெல் விளையும் ஹைனான் தீவுக்குப் போய், நூற்றிருபதையும் மீண்டும் நட்டார். வென் அம்மையாரே, அந்த வருடப் புத்தாண்டுச் சாப்பாட்டை நீங்கள் தனியே சாப்பிட்டது என்னால்தான். கூட இருந்த நால்வரும் தலைகுனிய வேண்டாம். வெளியே சொல்லாதீர்கள் என்று கெஞ்சியவள் நான்.

அடுத்த அறுவடையில் மேடு எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சுவை நாளிலும் ஐயா தன் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வெறும் கஞ்சி கொண்டுவந்து, மாலைவரை எங்களோடே இருந்தார். "இதுல உப்பாவது போட்டிருக்கலாம்ல ஐயா?" என்பார் எங்கள் ஐவரில் ஒருவரான கிழவர் தெங். "சாயங்காலம் போட்டுக்கலாம், இப்ப குடிங்க" என்பார் ஐயா.

போன வாரம் அவருடைய மாணவி ஹுவாங் பழைய குறிப்பேட்டைக் காட்டினாள். அந்த நாளுக்கான பக்கம். ஓரத்தில் பென்சிலால் 'சிவப்பு முட்டை' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்.

அவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் கேட்கவில்லை? தெரியாதென்றால் ஏன் வட்டம் போட்டார்? பதினோரு வருடம் அந்தக் கஞ்சியைப் பாசம் என்று நினைத்துக் குடித்தேன். பாசமா, காவலா? ஹுவாங்கையே கேட்டேன்.

"எனக்கும் புரியல பாட்டி. ஆனா கடைசிவரைக்கும் உங்க அஞ்சு பேர்ல ஒருத்தரைக்கூட அவர் மாத்தல" என்றாள்.

ஐயா முடிக்காமல் விட்டுப்போன வகைகளை நாளைக் காலையில் சுவை பார்க்கிறார்கள். கஞ்சியை ஹுவாங் கொண்டுவருவாள். இவ்வளவும் கேட்ட பிறகு எனக்கு ஒரு நாற்காலி உண்டா என்பதை இயக்குநர் அவர்களும் வென் அம்மையாரும் சொல்லுங்கள். உண்டென்றால், நாக்கு சொல்வதை மட்டும் எழுதுவேன். தவறினால் அன்றைக்கே சொல்வேன். இதுவே ஐயாவின் படத்துக்கு முன் நான் வைக்கும் வாக்கு.

கூட்டம் முடிந்ததும் சாப்பாடு. மீன்தலை இருக்கிறதென்று வாசனை சொல்கிறது. நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் சரி, அந்தத் தட்டை என் பக்கம் நகர்த்தாதீர்கள். எனக்கு வெறும் சோறு போதும்.