பட்டிமன்ற மேடையில் விழுந்து படுத்தவன்

சைரன். ஏறி இறங்குகிறது. பிறகு ஒலிபெருக்கியில் அந்தக் குரல். "இன்கமிங். இன்கமிங்." என் கையில் அகப்பை. அடுப்பில் பருப்பு. எல்லாரும் ஓடுகிறார்கள். சரளைக்கல் முற்றத்துக்கு அப்பால் கொங்கிரீட் பங்கர். ஓடினால் எட்டிவிடலாம் போல் தெரிகிறது. எப்போதும் அப்படித்தான் தெரியும்.

நூர் ஆகாவும் ஓடத் திரும்புகிறான். பாத்திரம் கழுவுகிறவன். உள்ளூர்க்காரன். அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன்.

"விழு! விழுந்து படு!"

தமிழில்தான் கத்தினேன். அந்த நேரத்தில் வேறு பாஷை வராது. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் இருவரும் கிடந்தோம். நெஞ்சு நிலத்தில் முட்டக்கூடாது. கைமுட்டியை ஊன்ற வேண்டும். வாயைத் திறந்து வைக்க வேண்டும். வன்னியில் பழகியது. எங்கள் பிள்ளைகளுக்கு 'அ' எழுத முதல் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

முதலில் விசில். பிறகு ஒரு 'தொம்'. காதுக்குள் தண்ணீர் போன மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தகரக் கூரையில் கல் கொட்டுகிற சத்தம். நெடுநேரம் கொட்டியது. ராக்கெட் முற்றத்தில் விழுந்திருந்தது. ஓடியவர்களில் தில் பகதூர் எழும்பவில்லை. நேபாளி. எங்களோடு சப்பாத்தி போட்டவர். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

இது ஆப்கானிஸ்தான். வெளிநாட்டுப் படைத்தளம் ஒன்றின் சமையல்கூடம். நான் முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். ஒரு யுத்தத்துக்குத் தப்பி இன்னொரு யுத்தத்துக்குச் சமைக்கப் போனவன். துபாயில் ஏஜென்ட் 'கிச்சன் டூட்டி' என்றுதான் சொன்னார். பொய் இல்லை. கிச்சன்தான்.

அன்றிலிருந்து நூர் ஆகா என்னை விட்டுப் போகமாட்டான். சைரன் கேட்டால் ஓடமாட்டான். நான் படுத்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து படுப்பான். "விழு" என்ற ஒரு தமிழ்ச் சொல் அவனுக்குத் தெரியும். அவனுக்கு அந்த வருடம் ஒரு மகள் பிறந்தாள். ஜர்மினா. போனில் படம் காட்டினான். கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி இருந்தது.

2021. படை திரும்பப் போகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் ஐஸ்கிரீம் நின்றது. பிறகு முட்டை. பிறகு பால். சமையல்காரனுக்கு அது போதும். ஒரு காலையில் எங்களை விமானத்தில் ஏற்றினார்கள். நூர் ஆகாவுக்கு இடம் இல்லை. அவன் அந்த நாட்டுக்காரன். கேட்டுக்கு வெளியே நின்று கை அசைத்தான். எனக்கு அழுகை வரவில்லை. வரவேண்டிய நேரம் அது என்று மட்டும் தெரிந்தது.

துபாயில் கார்கோ கிடங்கில் வேலை கிடைத்தது. கராமாவில் ரூம். ஒரு அறையில் எட்டுப் பேர். எனக்கு மேல் கட்டிலில் மாரிமுத்து. ராமநாதபுரத்துப் பிள்ளை. நல்ல குணம். காலையில் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு வைப்பான்.

கிடங்கில் வந்து இறங்குவது நிவாரணச் சாமான். கூடாரம், போர்வை, மருந்து. அதில் ஒன்று, மெலிந்துபோன குழந்தைகளுக்குக் கொடுக்கிற பசை. சின்னப் பொட்டலம். நுனியைக் கிழித்துப் பிள்ளையின் வாயில் பிதுக்கலாம். கச்சானில் செய்தது. இந்தியாக்காரர் வேர்க்கடலை என்பார்கள். அந்தப் பெட்டிகளைப் பேலட் என்கிற மரத்தட்டில் அடுக்கிப் பிளாஸ்டிக் சுற்றியது நான்தான். அட்டையில் போகுமிடம் பார்த்தேன். ஆப்கானிஸ்தான். நூர் ஆகாவின் மாகாணம்.

மறுநாள் அவற்றின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அனுப்பக்கூடாது. சூப்பர்வைசரைக் கேட்டேன். எகிப்துக்காரர்.

"பேப்பர் மாஃபி" என்றார். அனுமதிப் பேப்பர் இல்லை. கொடுக்கிற நாடுகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனவாம். படை போய்விட்டது. துவக்கு வைத்திருக்கிறவர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். இனி உதவி கொடுக்கலாமா, கூடாதா? டிவியில் அதே பேச்சு. பஸ்ஸில் அதே பேச்சு. சலூனில் முகத்தில் நுரையோடு இருக்கிறவரும் அதைத்தான் பேசினார்.

குளிர் தொடங்கியது. நூர் ஆகாவின் குரல்பதிவு வந்தது. உருதுவில் பேசுவான். வேலை இல்லை. ஜர்மினா மெலிந்துவிட்டாள், எழும்பி நிற்கமாட்டேன் என்கிறாள். ஊரிலுள்ள கிளினிக்கில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளிடம் பசைப் பொட்டலம் தீர்ந்துவிட்டது. துபாயிலிருந்து வரும் என்று அவள் சொல்கிறாளாம்.

"பாய், நீ துபாயில்தானே இருக்கிறாய்?" என்று கேட்டான்.

பேலட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் அதைக் கேட்டேன். கை நீட்டினால் தொடலாம். தொட்டேன். ஒரு பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாலும் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

அந்த மாதம் தமிழ்ச் சங்கத்து ஆண்டுவிழா. கராமாவில், சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரு ஹால். பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு பேனரில் இருந்தது. 'படை திரும்பிய நாட்டுக்கு உதவி தேவையா? தேவையில்லையா?' பட்டிமன்றத்தில் யார் எந்தப் பக்கம் என்று முன்னாலேயே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். மாரிமுத்துவுக்குக் கிடைத்தது 'தேவையில்லை'.

நன்றாகப் பேசினான். "பாத்திரமறிந்து பிச்சையிடுன்னு சொன்னாங்க. துப்பாக்கிய நீட்டுற கையில சோத்தக் குடுத்தா, சோத்தத் தின்னுட்டுத் தெம்பாச் சுடுவான்" என்றான். கைதட்டல். விசில். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் பின்வரிசையில் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

'தேவை' அணியில் ஒருவர் டூட்டியில் மாட்டிக்கொண்டார். ஆள் குறைந்தது. மாரிமுத்து மைக்கைப் பிடித்தான். "எங்க ரூம் அண்ணன் பின்னால இருக்காரு. அங்கேயே வேலை பாத்தவரு. அவரப் பேசச் சொல்லுங்க."

போனேன். நடுவர் மாலைபோட்ட மேசைக்குப் பின்னால் இருந்தார். மணியில் விரல். "சுருக்கமா, சுவையா" என்றார்.

"நான் வன்னியில இருந்து வந்தனான்" என்றேன். "2008 செப்டம்பரில உதவி குடுத்த வெளிநாட்டுக்காரர் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டவை. வெள்ளை வாகனம். போகாதேங்கோ எண்டு சனம் கேற்றில நிண்டது. என்ர அம்மாவும் நிண்டவ. அப்பவும் வெளியில இதைத்தான் கதைச்சவை. அரிசி அனுப்பினா இயக்கம் எடுக்கும் எண்டு."

யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள்.

"உண்மைதான். எடுத்தவை. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தவை. நாங்களும் உலையில போட முதல் ஒரு பிடி எடுத்து வைப்பம். ஒரு பிடி போகும். மிச்சத்தை நாங்கள் சாப்பிட்டம். அந்த ஒரு பிடிக்காக லொறியை மறிச்சா..."

மைக் ஊளையிட்டது.

சின்னதாகத் தொடங்கி ஏறியது. ஏறி இறங்கியது. பிறகு எனக்குத் தெரிந்தது மேடைக் கம்பளத்தின் மணம். நெஞ்சு நிலத்தில் முட்டவில்லை. வாய் திறந்திருந்தது. "விழு! விழுந்து படு!" என்று கத்தியிருக்கிறேன்.

கைதட்டினார்கள். சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தது. ஒருவர் எழுந்து நின்று தட்டினார். நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். பட்டிமன்றத்தில் அப்படி நடித்துக் காட்டுவது வழக்கம்தான். "அண்ணன் நம்மளப் போர்க்களத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு" என்றார் நடுவர். மணியை அடித்தார். என் நேரம் முடிந்தது.

சொல்லாமல் விட்ட மிச்சம் இது. மாத்தளன், வன்னிக் கடற்கரை. 2009 ஏப்ரல். கஞ்சிக் கொட்டிலில் வரிசை. அம்மா வாளியோடு நின்றா. நான் பங்கருக்குள் இருந்தேன். முதல் ஷெல்லுக்கு எல்லாரும் படுத்தார்கள். அம்மா படுக்கவில்லை. படுத்தால் வரிசையில் இடம் போய்விடும். இரண்டாவது ஷெல் வந்தது. ஷெல்லுக்குப் படுக்கத் தெரிந்த மனுசியை நிற்க வைத்தது பசி. லொறி வந்திருந்தால் அந்த வரிசை இல்லை.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். உதவி தேவை, ஆனா யோசிச்சுச் செய்யணும்." இரண்டு பக்கமும் கைதட்டியது. எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம்.

ரூமுக்குத் திரும்பினோம். லிஃப்ட்டில் மாரிமுத்து என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நான் மனசாரச் சொல்லலண்ணே. எனக்குக் குடுத்த பக்கம் அது." தெரியும் என்றேன். அவன் கண் கலங்கியிருந்தது. மேடையில் நான் விழுந்தபோது அவன் மட்டும் சிரிக்கவில்லை. ஓடிவந்து தோளைப் பிடித்துத் தூக்கியது அவன்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேலும் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பேலட்டுகள் நின்ற இடத்திலேயே நின்றன. பிளாஸ்டிக் மேல் தூசி படிந்தது. நான் துணியால் துடைத்தேன். யாரும் சொல்லவில்லை. துடைத்தேன்.

நூர் ஆகாவின் அடுத்த பதிவு மத்தியானம் வந்தது. சாப்பாட்டு நேரம். குரலில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த குரல். என் குரலும் அப்படித்தான்.

"பாய், ஜர்மினாவுக்கு இனி வேண்டாம். கிளினிக்கில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். வந்தால் அனுப்பு."

சில வாரம் கழித்துப் பேப்பர் வந்தது. உதவி போகலாம் என்று முடிவாகிவிட்டதாம். சிவப்பு ஸ்டிக்கரை நானே உரித்தேன். அட்டையோடு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார் சூப்பர்வைசர். தேதி கடந்த பெட்டிகளைத் தனியாக எடுத்து வைத்தோம். மிச்சம் விமானம் ஏறியது.

இழந்ததை எழுதி வைக்கிறேன். மறக்கக்கூடாது.

மாத்தளனில் என் அம்மா. அவவுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள். பெயர் தெரியாது. ஒருத்தி கையில் நீலவாளி. வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

படைத்தளத்தில் தில் பகதூர். ஒரு பானை பருப்பு.

கிடங்கில் தேதி கடந்து எரிக்கப் போன கச்சான் பசை. ஒரு பேலட்.

கராமா ஹாலில் சேதம் இல்லை.

அந்த ஊர்க் கிளினிக்கில் ஜர்மினா. நூர் ஆகாவின் மகள். இரண்டு வயது. அவள்மேல் ஷெல் எதுவும் விழவில்லை.