லைன் தெருவுக்குப் போகாத குமாஸ்தா

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் போகும் ரயிலில், பெங்களூரில் காலேஜ் படிக்கும் பையன் ஒருவன் சுரங்கத்து டைம் ஆபீஸ் குமாஸ்தாவிடம் விசாரித்துக்கொண்டு வந்தான்.

"படிச்சு முடிச்சதும் உங்க வேலைக்கே வரலாம்னு பாக்குறேன். வேல இன்னாங்கண்ணே?"

"நிழல்ல உக்காந்து செய்ற வேலதான் தம்பி. ஆனா கூலிக்காரங்க இருக்கிற லைன் தெருவுக்கு மட்டும் நான் சும்மா போறதில்ல."

"ஏங்கண்ணே?"

"சுரங்கத்துல எறங்குறவங்க அவங்க நம்பர் போட்ட பித்தளை வில்லைய எங்கிட்ட குடுத்துட்டுப் போவாங்க, நான் ஆணியில மாட்டி வெப்பேன். ஏறி வந்ததும் வாங்கிக்குவாங்க. ஷிப்டு முடிஞ்சும் ஒரு வில்லை ஆணியிலயே தொங்குச்சுன்னா, ஆளு மேல வரலன்னு அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்றது நான்தான்."

"நல்ல நாளுக்குக்கூட போறதில்லீங்களாண்ணே?" என்றான் பையன்.

"போன தீபாவளிக்கு, தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கலாம்னு ஒரு தூக்குல அதிரசம் எடுத்துக்கிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். வாசல்ல இருந்த பொம்பளைங்க அத்தன பேரும் எழுந்து நின்னுட்டாங்க. ஒரு அம்மா, 'யார் வீட்டுக்குங்க?'ன்னு கேட்டாங்க. தூக்கோட திரும்பிட்டேன்."

ஸ்டேஷன் வந்துவிட்டது. குமாஸ்தா பையனுடைய பெட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எங்கப்பா உள்ள எறங்குறவருண்ணே" என்றான் பையன். "எங்க வீடும் லைன்லதான். நான் இந்த வேலைக்கு வந்தா, தினமும் எங்கம்மா முன்னால எப்படிப் போய் நிக்கிறது?"