ஆணியில் இல்லாத சாவி

மேடையில் இருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, தலைமையாசிரியர்களே, ஆசிரியர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, சீருடையோடு தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, கடைசி வரிசைக்கும் பின்னால் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை ஒரே பெயரில் அழைக்கவில்லை. கவனித்தீர்களா? ஒருவர் திங்கள் அக்கா என்றார். ஒருவர் புதன் அக்கா என்றார். இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் வியாழன் அக்கா. யாரும் தவறாகச் சொல்லவில்லை. ஒன்பது பள்ளிகளுக்குச் செவிலியர் நாங்கள் இருவர்தான். அவருக்கு ஐந்து, எனக்கு நான்கு. ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள். வரும் நாளே அவருக்குப் பெயராகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை கடைத்தெருவில் இரண்டு பிள்ளைகள் அவரை மறித்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"செவ்வாய் அக்கா!"

"போடா, இது எங்க வெள்ளி அக்கா."

"உங்க ஸ்கூலுக்கு வேற அக்கா இருக்கும். போய்ப் பாரு."

அக்கா இருவர் கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் முதல்ல நகத்தை வெட்டிட்டு வாங்க. அப்புறம் நான் யாருன்னு முடிவு பண்ணலாம்."

அவர்கள் ஓடிய பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்கு அஞ்சு பேரு. சனி, ஞாயித்துக்குத்தான் பேரே இல்லை. எங்க வீட்டுக்காரர் 'ஏய், இங்க பாரு'ம்பார். அதோட சரி."

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா இறந்தார். பெயரில்லாத நாளில்.

என்ன வேலை செய்தார் அவர்? உயரம் அளந்தார். எடை பார்த்தார். பேன் பார்த்தார். முதல் முறை மாதவிடாய் வந்து பயந்து நின்ற எத்தனை சிறுமிகளின் இடுப்பில் தன் சால்வையைக் கட்டி அனுப்பினார்! கண் பரிசோதனை எழுத்துகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். அக்கா அட்டையைத் தலைகீழாக மாட்டுவார். "இப்ப படி பாப்போம்." அவருடைய பதிவேட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: வயிற்று வலி. காரணம், கணக்கு. சிகிச்சை, வெந்நீர், பத்து நிமிடம் படுக்கை. குறிப்பு, தேர்வு முடிந்ததும் வலி நின்றது.

சிரிக்கலாம். அவரும் சிரித்துத்தான் எழுதினார்.

இந்த மண்டபத்தை ஒட்டித்தான் அவருடைய அறை. ஒரு கட்டில். ஒரு இரும்பு அலமாரி. கண் அட்டை. அட்டைக்கு மேலே ஒரு ஆணி. பெரியவர்கள் கைக்கு எட்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரம். அலமாரிச் சாவி அதில் தொங்கும். மருந்து பூட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. வாரத்தில் நான்கு நாள் செவிலியர் இல்லாத பள்ளியில் சாவி எங்கே இருக்க வேண்டும்? அதற்கு விதி இல்லை. அக்காவுக்கு ஆணி இருந்தது.

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி. மூச்சிரைப்பு உள்ளவள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சத்தம் வரும். வகுப்பில் அவளை விசில் என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கோபமே கிடையாது. வியாழக்கிழமை காலையில் கதவில் தலையை மட்டும் நீட்டுவாள்.

"அக்கா, மூணு விசில் வந்தாச்சு. இறக்கிடலாமா?"

"இன்னும் வேகல. உள்ள வந்து உக்காரு."

"நான் என்ன பருப்பா?"

"பருப்பு இவ்வளவு பேசாதுடி."

அலமாரியிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுப்பார். தோளை நிமிர்த்தி உட்காரவைத்து, கூடவே தானும் மூச்சு இழுப்பார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து, சேர்ந்து விடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்து அப்போது இரண்டு மாதம். இது பெரிய பள்ளி என்பதால் வியாழன்தோறும் நானும் வருவேன். ஒரு வியாழக்கிழமை மாலை, அக்காவைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அறையை நான் மூடினேன். கட்டிலைத் தட்டிப் போட்டேன். அலமாரியைப் பூட்டினேன். சாவியை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏன் போட்டேன்? பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். காரணம் இல்லை. பூட்டிய கை சாவியைப் பைக்குள் போட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு அந்தச் சிறுமிக்கு மூச்சு முட்டியது. வகுப்பாசிரியை அறைக்கு ஓடினார். ஆணியில் சாவி இல்லை. அக்கா வேறு பள்ளியில் இருந்தார். தொலைபேசியில் இங்கிருந்த ஆசிரியர்களிடம் சொன்னார்: "ஆணியில பாருங்க." இல்லை என்றார்கள். "நல்லா பாருங்க. ஆணியிலதான் இருக்கும். ஆணியில பாருங்க."

பிறகு அவருக்குப் புரிந்திருக்கிறது. என்னை அழைத்தார். ஏழு முறை அழைத்தார். நான் இன்னொரு பள்ளியில் பிள்ளைகளுக்குச் செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். அதற்கு அறை அமைதியாக இருக்க வேண்டும். அதனால் என் போனின் ஒலியை நிறுத்தியிருந்தேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூட்டைக் கல்லால் உடைத்தார்கள். பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனை வாசலை அவள் உயிரோடு தாண்டவில்லை.

விசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். சாவி யாரிடம் இருந்தது? அக்கா எழுதிக் கொடுத்தார்: என்னிடம்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. "நீ வந்து ரெண்டு மாசம்தான். உன்னை அனுப்பிடுவாங்க. என்னை அனுப்ப மாட்டாங்க, திட்டுவாங்க. நீ போயிட்டா அந்த நாலு ஸ்கூலுக்கும் ஆள் வர எத்தனை வருஷம் ஆகும்? அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க?"

"அக்கா, அது பொய்."

"பொய்தான். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. அவருக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி வரவில்லை. கவனக்குறைவு என்று அவர் கோப்பில் எழுதினார்கள். நான் திறக்கவில்லை.

ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அந்தச் சிறுமியின் அம்மா இங்கே வருவார். அறைக்கு எதிரே தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் நிற்பார். அந்தத் தேதி எந்தக் கிழமையில் வந்தாலும் அக்கா அன்று இந்தப் பள்ளியில்தான் இருப்பார். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் போடுவார். அவர் உட்காரமாட்டார். அக்காவும் உட்காரமாட்டார். நான்கு ஆண்டுகள். நான்கு முறை. நானும் அன்று இங்கே வந்து, அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வீட்டில் குக்கர் கிடையாது. அவர் கணவர் நேற்றுதான் சொன்னார். நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் அதைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாராம். ஏன் என்று இவர் கேட்கவில்லையாம். இங்கே அவருடைய அறை ஜன்னலில் ஒரு இடுக்கு உண்டு. காற்றடித்தால் அதில் மெல்லிய விசில் வரும். நான் ஒருமுறை காகிதம் வைத்து அடைத்தேன். அக்கா காகிதத்தை எடுத்துவிட்டார். "அது இருக்கட்டும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஐந்து பள்ளிகளிலும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மாலையில் கிளம்பும்போது தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று சத்தமாகச் சொல்வார்: "சாவி ஆணியில." உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் கேலியும் செய்திருப்பீர்கள். அதைச் சொல்லும்போது அவர் ஒருமுறைகூட என் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேனா?

அவர் சொன்ன கெடு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

அம்மா, கதவோரம் நிற்கும் அம்மா, சாவி என்னிடம் இருந்தது. அக்காவிடம் இல்லை. என் பைக்குள், கைக்குட்டைக்கு அடியில் இருந்தது. நான்கு வருடம் நீங்கள் தவறான ஆளின் எதிரே நின்றீர்கள். அதற்கும் நான்தான் காரணம். மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, கேட்கவும் இல்லை. அந்தத் தேதியில் தாழ்வாரத்தில் நாற்காலி இருக்கும். போடுவது நான். எதிரே நிற்பதும் நான்.

கல்வி அலுவலர் அவர்களே, இதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் இது. வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவின் கோப்பில் இருக்கும் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு என் கோப்பில் எழுதுங்கள். நாளை இந்த வேலையில் நான் இருப்பேனா தெரியாது. இருந்தால் அவருடைய ஐந்து பள்ளிகளுக்கும் சேர்த்து நான் நடப்பேன். இல்லாவிட்டால் வருகிறவருக்கு ஆணியைக் காட்டுங்கள். அவர் கிளம்பும்போது சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். கேலி செய்யாதீர்கள்.

இன்று வியாழக்கிழமை. இங்கே வருவதற்கு முன் அறையை நான்தான் மூடினேன். ஜன்னலில் காற்று வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று கேட்டேன்.

அக்கா, சாவி ஆணியில.