பதினேழாவது மாடித் தலைக்கணக்கு

தீயணைப்புப் பயிற்சி என்றால் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் குஷி. மணி அடித்ததும் பதினேழு மாடி இறங்கி, எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று அரட்டை அடிக்கலாம். எனக்கு மட்டும்தான் வேலை. ஆரஞ்சு மேல்சட்டை மாட்டி, விசில் ஊதி, வந்தவர்களை எண்ணி, பெயருக்கு நேராக டிக் போட்டு, மாடி காலி என்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் செய்தேன். 'விசில்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணிக்கையில் நான் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

மாப்பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டது நான்தான். என் தங்கையின் கணவன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று நம்பித்தான் தங்கையையும் கொடுத்தேன், வேலையும் வாங்கிக் கொடுத்தேன். ஏழே வருஷத்தில் ஊழியர் நிர்வாகத்துக்கே தலைவனானான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

போன வருஷம் கம்பெனி, அதே சாலையில் நாலு கட்டடம் தள்ளி எழும்பிய புதுக் கோபுரத்துக்கு மாறுவதென்று முடிவானது. யார் வரலாம், யார் வேண்டாம் என்று பட்டியல் எழுதியவன் அவன். வேண்டாதவர்களில் நான் ஒருவன். எழுதியதைக்கூட மன்னித்திருப்பேன். எழுதிவிட்டு மூன்று வாரம் தினமும் என் எதிரில் உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டான் ஐயா. "புது ஆபீஸ்ல உங்களுக்கு ஜன்னல் பக்கமா சீட் போடச் சொல்லியிருக்கேன் மச்சான்" என்றான். நானும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். கடிதம் வந்தபோது அடியில் அவன் கையெழுத்து. ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏணிக்கு எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய கட்டடத்தில் எங்கள் கடைசி வாரம், நிஜமாகவே தீப்பிடித்தது. நான் வைக்கவில்லை, பதினாறாவது மாடி மின்பெட்டி வெடித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை ஓர அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி தூங்குவான். அங்கே அபாய மணி கேட்காது. அதைப் பற்றி மூன்று முறை புகார் எழுதியவனும் நான்தான். எல்லாரையும் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டு அந்தக் கதவைக் கடந்தேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மார்பில் வைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு தட்டு தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

என் தலைக்கணக்குத் தாளில் நாற்பத்து நாலு பெயர். நடைபாதையில் நாற்பத்து மூன்று பேர். தீயணைப்பு அதிகாரி ஓடிவந்தார்.

"பதினேழுல யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார். எல்லாரும் இறங்கியாச்சு."

நாற்பத்து நாலு டிக் போட்ட தாளையும் காட்டினேன். அவருடைய ஆட்கள் பதினேழை விட்டுவிட்டு அதற்கு மேலே போனார்கள்.

அப்போதுதான் தங்கை போன் செய்தாள். டிவியில் பார்த்திருக்கிறாள். "அண்ணா, அவர் போனை எடுக்கவே மாட்டேங்கிறார். கீழ வந்துட்டாரா?"

"போனை மேஜையிலயே விட்டிருப்பார்ம்மா. பயப்படாத. நான் அவரைப் பார்த்துக்கிட்டுதான் நிக்கிறேன்."

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்தேன். சரியாகத்தான் இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். 'தங்கையிடம் பொய் சொன்னேன்' என்ற ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அந்தச் சாலையில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரிக் கண்ணாடி. ஆயிரம் ஜன்னலில் ஒன்றைக் கண்டுபிடிப்பது மற்றவர்களுக்குக் கஷ்டம். கூட்டம் முழுக்கப் பதினாறாவது மாடிப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதற்கு ஒரு மாடி மேலே, ஓரத்திலிருந்து இரண்டாவது ஜன்னலைப் பார்த்தேன். விழித்துவிட்டான். இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். அவள் கேட்டபோது நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களிடம் பொய் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை ஒருவனுக்குத்தான் இருந்தது.