நிறம் மாறாத தண்ணீர்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை முதல் தாளில் சொல்லிவிட்டேன். வயது நாற்பத்தாறு. மூட்டுவலி சிகிச்சை நிலையத்தில் வெந்நீர்த் தொட்டியைப் பராமரிக்கும் வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை; நானாக வந்து சொல்கிறேன். இரண்டு நாள் தாமதமாக வந்திருக்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தக் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டிருப்பவன் என் மனைவியின் தம்பி. மூன்று மாதத்துக்கு முன்பு நான்தான் அவனைச் சிகிச்சை நிலையத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அங்கே அவனுக்கு 'நோட்டு' என்று பெயர். தொட்டியின் மூடியில் கீறல் விழுந்தால் நோட்டில் எழுதுவான், விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினால் எழுதுவான். தும்மினாலும் நேரம் போட்டு எழுதுவாயா என்று நானே அவனைக் கேலி செய்திருக்கிறேன்.

தொட்டியில் ஆயிரத்து இருநூறு லிட்டர் பிடிக்கும், ஆறு பேர் உட்காரலாம். சூடான கொஞ்சத் தண்ணீரில் ஆறு பேரின் வியர்வையும் தைலமும் சேர்வதால் அது மணிக்கு மணி மாறும். குளோரின் குறைந்தால் கிருமி வளரும், கூடினால் கண்ணும் தோலும் நெஞ்சும் எரியும். தினமும் காலையில் சிறு கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து ஒரு மாத்திரையைப் போட்டால் ரோஜா நிறம் வரும். அதை அட்டையிலுள்ள நிறத்தோடு வைத்துப் பார்ப்போம். நிறமே வராவிட்டால் குளோரின் இல்லை. வாடை தூக்கலாக வந்தால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போயிருக்கிறது, இன்னும் வேண்டும் என்று பொருள். இவை இரண்டையும் நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டுமே பெரும்பாலும் சரி.

திங்கட்கிழமை கூட்டம் அதிகம். மாலை ஐந்தரைக்கு எல்லோரும் தொட்டியைவிட்டு வெளியேறிய பிறகு தண்ணீர் கலங்கி, மேலே எண்ணெய் மிதந்தது. வழக்கமாக ஒரு கரண்டி குளோரின் பொடி போடும் இடத்தில் நான் ஆறு கரண்டி போட்டேன். அப்படிப் போட்டால் மூடியைத் திறந்து வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சூடு போய்விடும் என்று நான் உடனே மூடிவிட்டேன். எழுதும் நோட்டு அவனுடைய அலமாரியில் இருந்தது, அவன் வீட்டுக்குப் போயிருந்தான். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் எனக்கு விடுப்பு, மகளுக்குக் கல்லூரியில் நேர்காணல். அந்தப் பரபரப்பில் சொல்ல மறந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் மூடியைத் திறந்திருக்கிறான். மாத்திரை போட்டுப் பார்த்து, 'ஏழு ஐந்து, நிறம் இல்லை, இரண்டு கரண்டி போட்டேன்' என்று எழுதியிருக்கிறான். ஏழு இருபத்தைந்துக்கும் அதையே எழுதியிருக்கிறான். அதன் பிறகு ஏழு நாற்பதுக்கு எனக்குப் போன் செய்தான். நான் கல்லூரி வாசலில் நின்று மகளின் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"மாமா, எத்தனை போட்டாலும் நிறமே வரல. வாடை வேற தூக்கலா அடிக்குது. ஆளை இறக்கலாமா?" என்று கேட்டான்.

"வாடை வந்தாலே பத்தலன்னுதான்டா அர்த்தம். இன்னும் ரெண்டு போட்டுட்டு இறக்கு. சும்மா சும்மா கூப்பிடாத" என்றேன்.

முந்தின மாலை நான் ஆறு கரண்டி போட்டது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அதெல்லாம் அழுக்கில் கரைந்துபோயிருக்கும் என்று நினைத்து போனை வைத்துவிட்டேன்.

எட்டு மணிக்கு முதல் ஆளாக ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் இறங்கினார். ஐந்தாறு நிமிடத்தில் அவருக்கு இருமல் வந்து, கண் திறக்க முடியாமல், மூச்சு முட்டியிருக்கிறது. இவன் போட்ட உடுப்போடு தொட்டிக்குள் குதித்து அவரைத் தூக்கி வெளியே போட்டான். அவன் கைகளில் முழங்கைவரை இருக்கும் தடிப்பு அதனால் வந்தது. ஓட்டுநரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கிறார் என்று அவர் மருமகள் சொன்னாள்.

அதன் பிறகு மேலாளர் கூப்பிட்டு நான் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மாத்திரை போட்டுப் பார்த்தேன், நிறம் வரவில்லை. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சியில் சொன்னது தலையில் உறைத்தது. குளோரின் அளவுக்கு மீறிப்போனால் அது மாத்திரையின் நிறத்தையே தின்றுவிடும். துளியும் இல்லாத தண்ணீரும், மிதமிஞ்சிய தண்ணீரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்து மாத்திரையைப் போட்டேன். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போலச் சிவந்தது. ஒருவரும் பார்க்காதபோது அதைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டேன்.

அன்று மாலை பரிசோதனைக்கூடத்திலிருந்து, உங்கள் ஆட்கள் எடுத்து அனுப்பிய தண்ணீரில் குளோரின் பல மடங்கு இருக்கிறது என்று தகவல் வந்தது. அப்படியானால் 'நிறம் இல்லை' என்று நோட்டில் இருப்பது பொய், கண்மூடித்தனமாகக் கொட்டிவிட்டுத் தப்பிக்க எழுதியிருக்கிறான் என்று மேலாளர் உங்கள் அதிகாரியிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வேலை போய்விடும், மகளின் படிப்பு நின்றுவிடும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் என் மனைவி, "என் தம்பி பொய் எழுதுவானா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இரண்டு நாளாக எனக்கு அதே தலைவலி.

இன்று காலை அவனுக்கு மாற்றுடுப்பு கொண்டுவந்தேன். காவலர் ஐந்து நிமிடம் பேச விட்டார். நான் போனில் சொன்னதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதை மட்டும் நோட்டுல எழுதல மாமா. எழுதினா உங்க பேரு வரும். அப்புறம் அக்கா என்ன பண்ணுவா?" என்றான். பிறகு, "நிறம் ஏன் மாமா வரல? என் கண்ணுலதான் கோளாறா?" என்று கேட்டான்.

இரண்டு நாளாக அவன் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லி, நிறம் ஏன் வரவில்லை என்பதையும், முந்தின மாலை நான் செய்ததையும் சொன்னேன். என்மேல் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் காவலரிடம், எழுதிக்கொள்ள ஒரு தாள் கிடைக்குமா என்று கேட்டான். அங்கிருந்து நேராக இந்த மேசைக்கு வந்தேன்.

அந்த நோட்டில் பொய் ஒரு வரிகூட இல்லை. விட்டுப்போன வரிகள் இரண்டு. திங்கள் மாலை ஐந்தரை, ஆறு கரண்டி போட்டு மூடினேன். செவ்வாய் காலை ஏழு நாற்பது, அவன் கேட்டான், இன்னும் இரண்டு போட்டு ஆளை இறக்கச் சொன்னேன். என் போனில் அந்த அழைப்பின் நேரம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

மேலே கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான் சரிபார்த்துக் கையெழுத்திட ஓர் இடம் உண்டு. செவ்வாய்க்கிழமைப் பக்கத்திலும் அவன் எனக்காக அதை விட்டு வைத்திருக்கிறான். அங்கே போட வேண்டிய கையெழுத்தை இங்கே போடுகிறேன்.

(கையெழுத்து)