முட்டைக்கோசு லாரியில் போன மணிசோன்

— பேரு?

— என்ன அண்ணே இது? எனக்குப் பேரு வெச்சதே நீதானே!

— ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிக்கிற யாருக்கும் நான் அண்ணன் இல்ல. எல்லை அதிகாரி. பேரு?

— மணிசோன்.

— பாஸ்போர்ட்டுல வேற என்னமோ போட்டிருக்கே?

— அது வியட்நாம்ல வெச்ச பேரு. அங்க யார் வாயிலயும் மணிசோன் நுழையல. உன் வாயில மட்டும் நுழைஞ்சுதா? எட்டு வருஷத்துல ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தியா?

— கேட்டதுக்கு மட்டும் பதில். விதின்னா விதி. எங்கேருந்து வர்றீங்க?

— தியென் பியென்ல இருந்து, அதிகாரி ஐயா. காலையில பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்து சீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். அவர் மடியில ரெண்டு கோழி.

— கோழி கொண்டு வரக் கூடாது.

— கோழி அவரோடதுன்னுதானே சொல்றேன்!

— வந்த காரணம்?

— அம்மா ஆத்தங்கரையில வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டா. சின்னம்மா போன்ல சொன்னா. உனக்குத் தெரியாதாக்கும்?

— எனக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது.

— அப்ப நீயே அந்த ஆளுக்கு எடுத்துச் சொல்லேன்.

— விசா?

— வியட்நாம்காரங்களுக்கு விசா வேண்டாம், முப்பது நாள் முத்திரை போதும். இதைக் கூடவா நான் சொல்லித் தரணும்?

— தெரியுமான்னு பார்த்தேன். ம்... இதுல ஒரு சிக்கல் இருக்கு.

— இன்னும் என்ன?

— நீங்க லாவோஸை விட்டு வெளியே போனதுக்கு முத்திரையே இல்ல.

— எப்படி இருக்கும்? நான் போன கதை தெரியாதா உனக்கு?

— அன்னிக்குத் தெரியலையே! அதுதானே மானக்கேடு! முட்டைக்கோசு மூட்டைக்கு நடுவுல படுத்துக்கிட்டு, என் மூக்குக்குக் கீழயே போனே! அந்த லாரிக்கு நான்தான் தடுப்புக் கட்டையைத் தூக்கி விட்டேன். லாரி ஓட்டின அந்தத் துவானுக்கு சிகரெட்டும் கொடுத்து, ‘பார்த்துப் போ மச்சான்’னு வழியனுப்பினேன்!

— நல்ல வாய் உனக்கு. சொன்ன மாதிரியே மச்சான் ஆயிட்டார்.

— சிரிக்காதே! நம்ம ஊரு மூவாங் குவா முழுக்க எனக்கு ‘முட்டைக்கோசு அதிகாரி’ன்னு பேரு. சந்தையில கீரைக்காரி சொல்றா, ‘ஐயா, எதுக்கும் பிரிச்சுப் பார்த்து வாங்குங்க’ன்னு!

— ஐயோ சாமி, வயிறு வலிக்குது!

— சிரிக்காதேன்னேன்ல?

— சரி, சரி, சிரிக்கல. அண்ணே, தார்ப்பாய்க்கு அடியில மூச்சு முட்டுச்சு. உன் குரலைக் கேட்டதும் சட்டுனு எழுந்து உட்கார்ந்துடலாமான்னு இருந்துச்சு.

— ஏன் உட்காரல?

— உட்கார்ந்திருந்தா விட்டிருப்பியா?

— அது வேற விஷயம்.

— சொல்லு.

— உன்னை இழுத்து வீட்டுல போட்டிருப்பேன். அவன் காலை உடைச்சிருப்பேன்.

— அதான் உட்காரல.

— எப்படியோ. வெளியே போகாதவங்க உள்ளே வர முடியாது. விதிப்படி நீ இன்னும் இங்கதான் இருக்க.

— இங்கன்னா?

— வீட்டுலதான். அம்மா இன்னிக்கும் உனக்கும் சேர்த்துத்தான் ஒட்டரிசி அவிக்கிறா.

— அண்ணே...

— அழுறதுன்னா தள்ளி நின்னு அழுங்க. பாஸ்போர்ட் நனைஞ்சா செல்லாது.

— நீ சீக்கிரம் குத்திக் கொடு. வெளியே வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். மலையில மண் சரிஞ்சு கிடக்காம். மறுபடி மழை பிடிச்சா இருக்கிற ஒரு வழியும் போயிடுமாம். இதை விட்டா வேற வேனும் இல்ல.

— தங்கப் போற இடம்?

— ஏதாவது ஒரு விடுதி.

— ஏதாவதுன்னு எழுத முடியாது.

— வேற என்ன சொல்ல? அப்பா வாசல்ல ஏத்துவாரோ மாட்டாரோ.

— காலையில இருந்து வாசல்ல நாற்காலி போட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு இருக்கார்னு நான் சொல்ல மாட்டேன். அதிகாரி அதெல்லாம் சொல்லக் கூடாது. ‘அண்ணன் வீடு’ன்னு சொன்னா எழுதிக்கலாம்.

— அண்ணி முகம் சுளிப்பாங்களோ?

— மெத்தையை வெயில்ல காய வெச்சாச்சு. மீனுக்கு வாழையிலை அறுத்தாச்சு.

— அப்ப அண்ணன் வீடுன்னே எழுதிக்கோங்க, அதிகாரி அண்ணே. முத்திரை?

— இதோ... இங்கதான் எங்கயோ... இந்த இழுப்பறையை எவன் பூட்டினது?

— ஏம்மா, எல்லாரும் ஏறியாச்சு, உனக்காகத்தான் வேன் நிக்குது! அடடே, யாரு, புன்லியம் ஐயாவா?

— காம்லா, நீ போய் வண்டியைப் பாரு.

— இவர் எதுக்குப் போகணும்? வேன்கார அண்ணே, நீங்க சொல்லுங்க.

— இல்லம்மா, ஐயாவைச் சீன எல்லைக்கு மாத்தினது ஊருக்கே தெரியும். விடியக்காலையில தலையில இருந்து கால் வரைக்கும் சேறா மோட்டார் சைக்கிள்ல மலையைத் தாண்டி வந்து, ‘என் தங்கச்சி வர்றா, அவளை நான்தான் உள்ளே விடணும்’னு கெஞ்சி அந்த நாற்காலியை வாங்கினார்னு கடைக்காரி சொன்னப்ப நான் நம்பல. இந்த ஜன்னலோட நிஜ அதிகாரி அதோ எதிர்க்கடையில நூடுல்ஸ் தின்னுக்கிட்டு, ‘அவங்க சண்டை முடிஞ்சுதா, முத்திரையை எடுத்துட்டு வரட்டுமா’ன்னு கேக்கச் சொன்னார்!